கேள்விக்குறிக்குப் பின்னால்

பாம்பன் தெற்குவாடியில் முப்பத்தொரு வீட்டுக்கு
என் மாடியிலிருந்து கம்பி இழுத்திருந்தேன்.
வெளியிலிருந்து வருவதோ ஒற்றை வழி.
நாலு எம்பி. காற்றடித்தால் மூன்று.

இரவு எட்டு மணிக்குப் பதினேழு வீடு
அதே நகைச்சுவைக் காட்சியை
அக்கரையிலிருந்து பதினேழு தடவை இழுக்கும்.
திரையில் சக்கரம் சுற்றும்.
ரொசாரி அக்கா கீழிருந்து கத்துவாள்:
"ஏ டெல்பினா, ஒன் நெட்டு தரைதட்டிருச்சா?"

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஸ்க்விட் ஏற்றினேன்.
ஸ்க்விட் என்றால் கணவாய்.
கிலோ விலை பேசியே கணவாயைப் பார்த்த ஊரில்
காசில்லாமல் வந்த கணவாய் இது ஒன்றுதான்.
உப்புக்காற்றில் மூடி துருவேறிய பெட்டி,
எண்பது ஜிபி வயிறு.

ஒருத்தர் பார்த்ததை வைத்துக்கொள்,
அடுத்தவர் கேட்டால் எடுத்துக் கொடு.
இவ்வளவுதான் சொன்னேன்.
வைத்துக்கொள்ளவில்லை.
பதிவேட்டைத் திறந்தால்
மிஸ், மிஸ், மிஸ்,
இரவெல்லாம் இழுத்த வலையில் வெறும் பாசி.

கூடவே பிறந்த விதி ஒன்று இருந்தது அதற்கு:
முகவரியில் கேள்விக்குறி இருந்தால் சேமிக்காதே.
அதை அழித்தேன்.
அப்புறமும் மிஸ்.

கேள்விக்குறிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.
யார் கேட்டது, எத்தனை மணிக்கு,
எதுவரை செல்லும், யார் கையெழுத்து
என்று வால் நீண்டு கிடந்தது.
ஒரே படம் ஆளுக்கொரு பெயரில் வந்திறங்கியிருக்கிறது.

சென்னை லாரிக்கு வஞ்சிரம்.
தூத்துக்குடி லாரிக்கு நெய்மீன்.
ஐஸுக்குள் கிடப்பது ஒரே மீன்.
என் கணவாய்க்கு இந்த வியாபாரம் தெரியாது;
பெயருக்கொரு மீனென்று நம்பி
எண்பது ஜிபியையும் நிரப்பிவிட்டு
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மூன்று ராத்திரி உட்கார்ந்து பெயரை உரித்தேன்.
நேரம், ஆள், கையெழுத்து எல்லாம்
செதிலாகத் தெறித்துப் போனபின்
பதினோரு எழுத்து மிஞ்சியது.
யார் கேட்டாலும் மாறாத பதினோரு எழுத்து.
அதையே பெயராக எழுதி வை என்றேன்.
சிலபேர் நடுத்துண்டு மட்டும் கேட்டார்கள்;
துண்டு கேட்டாலும் முழு மீனை இறக்கு என்றேன்.
'இதை வைக்காதே' என்று
அனுப்பியவன் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் போடு என்றேன்.
புதுசு கொண்டுவா என்று யார் சொன்னாலும்
காதில் வாங்காதே,
மூன்று நாள் வை.

வியாழன் இரவு எட்டு அஞ்சுக்கு முதல் ஹிட்.
எட்டரைக்குள் நாற்பது.
ரொசாரி அக்கா கத்தவில்லை.
கேபிள்காரிக்கு அதற்குமேல் யார் மாலை போடுவார்கள்?

சனி, விடியக்காலை மூன்று.
வள்ளம் தள்ளுமுன் காற்றுப் படம் பார்க்க
கஸ்பார் வந்தான், கையில் எண்ணெய் கேனோடு.
திரையில் வளைகுடா நீலமாக,
கோடு விழாத கண்ணாடியாக.
வாசலில் என் கடைப்பலகை
ஆணியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது.

திரையைப் பார்த்தான்.
கதவைப் பார்த்தான்.
"டெல்பினா, இது எந்தக் கடலு?"

படத்தின் அடியில், பொடி எழுத்தில்,
வியாழக்கிழமைத் தேதி.

யார் சொன்னாலும் கேளாதே என்றேன்.
சொன்னபடியே கேளாமல் இருந்திருக்கிறது.

அவன் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.
கேனை என் மேசைக்கடியில் தள்ளிவிட்டு
மச்சான்களுக்குப் போன் போட்டான்:
"வள்ளத்த மேட்டுல ஏத்திக் கட்டுங்கடா."
அவன் பேசி முடிப்பதற்குள்
எல்லா விதிகளுக்கும் மேலே ஒரு வரி எழுதினேன்:
காற்றை வைக்காதே.
ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டு வா.

இப்போது அந்த ஒரு படம் மட்டும்
என் கடையில் மெதுவாகத்தான் வரும்.
சக்கரம் சுற்றும்வரை
கஸ்பார் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பான்.
பதிவேட்டில் மிஸ் விழும்.
விழட்டும்.

எண்ணெய் கேனைத்தான் இன்னும் எடுத்துப் போகவில்லை.
உட்காரும்போதெல்லாம் காலில் இடிக்கிறது.