பனச்சமூட்டில் வாங்கிய புத்தகம்

பனச்சமூடு சந்தையில்
சாலைக்கு இந்தப் பக்கம் மீன், அந்தப் பக்கம் மரச்சீனி.
இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கேரளம்.
பழைய புத்தகக்காரன் சாக்கு விரித்திருந்தது அந்தப் பக்கம்.
அதனால்தான் ஜெமிஷாவின் முதல் வேதக் கதைப் புத்தகம்
மலையாளத்தில் வந்தது.
நாற்பது ரூபாய். அட்டையில் பேழை.
ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் யாரோ ஒரு பிள்ளை
நீலப் பேனாவால் மாலை போட்டிருந்தது.

மாலை ஜெபம் முடித்துப் பாய் விரித்தபின்
மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் வாசிப்பேன்.
அவளுக்கு நாலு வயது, ஐந்து, ஆறு.
அந்த எழுத்தெல்லாம் அவளுக்கு
எண்ணெயில் பிழிந்துவிட்ட முறுக்கு.

இருபத்திரண்டாம் பக்கம் வந்தால்
எனக்குத் தொண்டை கட்டும்.
படத்தில் ஒரு கிழவர்,
விறகின் மேல் ஒரு பையன்,
கிழவர் கையில் அது.
நான் சொல்வேன்:
ஆபிரகாமும் ஈசாக்கும் மலையில் ரப்பர் வெட்டப் போனார்கள்.
முள்ளில் ஒரு ஆட்டுக்கடா சிக்கியிருந்தது.
அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.
"பையன் ஏன் படுத்திருக்கான்?"
"நடந்த களைப்பு, மக்களே."

விளக்கணைத்தபின் ஜெபிலா சொல்வாள்:
வேதத்தில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.
ஞாயிறு பள்ளியில் டீச்சர் ஒருநாள் சொல்லுவாங்க,
அன்றைக்குப் பிள்ளை யாரை நம்பும்?
என்னிடம் பதில் இல்லை.
தினமும் விடிய மூன்று மணிக்கு
நெற்றியில் விளக்கும் கையில் கத்தியுமாக
அவள் தலைமாட்டைத் தாண்டித்தான்
நான் வேலைக்குப் போகிறேன்.

இந்த ஜூனில் வெள்ளறடையில் சேர்த்தோம்.
பஸ் வாசலுக்கே வருகிறது, வேறு காரணம் கிடையாது.
ஓணப் பரீட்சைக்குள் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டாள்:
கடைப் பலகை, பால் கவர், கீழே கிடந்த லாட்டரிச் சீட்டு.

நேற்று புத்தகத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.
"இன்னைக்கு நான்."
விரல் வைத்து வைத்துப் போனாள்.
மல. அது மலை.
மகன். அது மகன்தான்.
கத்தி.
எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காத சொற்கள்.
விரல் மட்டும் நின்றது.
மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய
என் கத்தியை அவள் பார்க்கவில்லை.
நான்தான் பார்த்தேன்.

அடுத்த வரியில் ஒரு சொல் இடறியது.
"அ, ரு, த். அருத்.
அப்பா... அறுத்துட்டாரா?"

"இல்ல மக்களே! அருத். சின்ன ர.
வேண்டாம்னு அர்த்தம். சாமி சொன்னது."

ஒரு ரகரத்தில் கிடந்தது பையனின் கழுத்து.
அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாமில்லா?"

எனக்கும் அதே கேள்விதான்.

"அவன் அம்மைட்ட சொல்லிட்டா கூட்டிட்டுப் போனாரு?"
"அது இதில எழுதல."
"எழுதலையா, நீ சொல்லலையா?"

மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டாள்.
எழுதல, என்றேன். அது உண்மை.
ஜெபிலா ஈரக்கையோடு வந்து பாயில் உட்கார்ந்தாள்,
ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சில் இருக்கிறவள்.
"எனக்கும் தெரியாது மக்களே" என்றாள்.

விடிய மூன்று. மழை விட்டிருந்தது.
ஆணியிலிருந்து கத்தியை எடுத்தேன்.
பாயிலிருந்து குரல், தூக்கமோ விழிப்போ:
"அப்பா, அருத்."
எதை, என்று கேட்டேன்.
மூச்சு மட்டும் வந்தது.

முந்நூற்று இருபது மரம்.
பட்டையில் ஒரு நூல் ஆழம்,
அதற்குமேல் போனால் மரத்துக்குப் புண்.
முப்பதாவது மரத்தில் கை தானாக நின்றது.
காது கொடுத்தேன்.
சிரட்டையில் பால் சொட்டும் சத்தம்.
தூரத்தில் முதல் பஸ் கியர் மாற்றும் சத்தம்.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
அடுத்த மரத்துக்குப் போனேன்.