ஷார்ஜா நேரம் நாலரை

ரோலாவில் மணி மாற்றும் கடைக்கும்
ஷவர்மாக்காரனுக்கும் நடுவே உட்கார்ந்து
பதினெட்டு வருஷமாக
அடுத்தவர் வாழ்க்கையைத் தட்டச்சு செய்கிறேன்.
பெஷாவர் டிரைவரின் பிறந்த தேதி,
மணிலா தாதியின் கணவர் பெயர்,
கைக்குழந்தைக்கு விசா, கிழவருக்கு விசா ரத்து,
சில நாள்
பெட்டிக்குள் ஊர் போகிறவருக்கான தாள்கள்.
படிவத்துக்கு இருபது திர்ஹாம்.
எழுத்துப் பிழைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று
கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்,
சும்மாதான்.
நான் பிழை விட்டதில்லை.

என் மகள் நிறைமதி
தன் படிவத்தைத் தானே நிரப்புகிறாள்.
"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா,
மூச்சு கழுத்துல படுது."

தேசியப் பாதுகாப்பு அகாடமி.
பதினேழு வயது.
லிஃப்டில் ஏறி இறங்கி வளர்ந்தவள்
வருஷத்துக்கு முப்பது நாள்
கோவில்பட்டி வெயிலில் மூக்கு உரிந்து திரும்புகிறவள்
அந்த தேசத்துக்குக் காவல் நிற்பாளாம்.

செண்பகவல்லி சமையலறைக் கதவோடு
அவளை நிறுத்தி, பென்சிலால் உயரம் குறித்தாள்.
நூற்று ஐம்பத்தாறு.
"நாலு செண்டி கூட. குறைஞ்சிருக்கக் கூடாதா"
என்று கதவிடம் சொன்னாள்.
அவளேதான் விடியுமுன் அல் கானுக்குக் கூட்டிப்போய்
மகளை மணலில் ஓடவிட்டு
தண்ணீர் பாட்டிலும் கையுமாய் நிற்பவள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

தந்தையின் தொழில்.
விரல் நின்றது.
"டைப்பிஸ்ட்னு போடவா?"
"போடு."
"கார்டுல ஆவண ஆலோசகர்னு இருக்கே?"
"பட்டாளத்துக்குப் பொய் எழுதாத."
சிரித்தாள். அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
பாஸ்போர்ட்டில் குணசீலனுக்கு நடுவே இரண்டு ஈ.
அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில்
ஒற்றை ஐ.
சான்றிதழில் உள்ளபடி எழுதுக என்கிறது குறிப்பு.
பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்திருக்கிறாள்.

இதைவிடச் சின்னப் பிழைக்கு
ஏர்போர்ட் வாசலில் உட்கார்ந்து அழுத ஆண்களை
எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

நான் எதையும் செய்ய வேண்டியதில்லை.
தடுக்க வேண்டாம், சண்டை வேண்டாம்,
வேளாவேளைக்குச் சாப்பிடாமல் முகம் தூக்க வேண்டாம்.
சும்மா இருந்தால் போதும்.
என் பெயரே
அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடும்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால்
இன்னொரு தாள் வருமாம்:
சோதனையில் அடிபட்டாலும் உயிரே போனாலும்
எதையும் கோரமாட்டேன் என்று
பெற்றவர் கையெழுத்து.
முந்தாநாள் ராத்திரி அதைப் படித்துக் காட்டினேன்.
செண்பகம் போர்வைக்குள்ளிருந்து
"அந்தப் பெட்டித் தாளு இதுவரைக்கும்
எத்தனை அடிச்சிருப்பீங்க?" என்றாள்.
நூறு இருக்கும்.
சொல்லவில்லை.

அஸர் பாங்கு முடிந்தது.
இந்தியாவில் ஆறு மணிக்கு மூடுகிறார்கள்.
நமக்கு நாலரை.
ஏசி ஒரு முறை நின்று, யோசித்து, மறுபடி ஓடியது.
புகைப்படம் ஏறியது. கையொப்பம் ஏறியது,
அவளுடையது, புதியது, இன்னும் பழகாத வளைவு.
நான் டீ குடித்தேன்.
ஆறிய பிறகும் குடித்தேன்.

நாலு பன்னிரண்டு.
"நிறை, என் பேரைச் சான்றிதழோட
ஒருக்கா வச்சுப் பாரு."

பார்த்தாள்.
ஈ ஒன்று போனது, மற்றதும் போனது,
ஐ வந்து உட்கார்ந்தது.
"எப்பப் பாத்தீங்க?"
"இப்பதான்."

திரும்பி என்னைப் பார்க்கவில்லை.
கொஞ்ச நேரம் சுட்டியும் நகரவில்லை.
"இருபது திர்ஹாம்.
என் கணக்குல எழுதிக்கோங்க"
என்றாள்.

நாலு இருபதுக்குப் பச்சை எழுத்தில்
ஒரு எண் வந்தது. பதினோரு இலக்கம்.
தொழில் பழக்கத்தில்
இரண்டு பிரதி எடுத்தேன்.

"போயிருச்சா?"
உள்ளிருந்து செண்பகம்.
"போயிருச்சு."

பால்கனிக் கதவு திறந்தது.
மகளின் ஓட்டக் காலணிகளை
கைப்பிடிச் சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டுகிறாள்.
காலையில் ஓடிய மணல்
நாலு மாடி இறங்கிக்கொண்டிருக்கிறது.