துடைக்கத் துணி

புது அலமாரிக்கு எண்பதாயிரம் ரேண்ட் சொன்னான்
ஃபீனிக்ஸிலிருந்து வந்து அளவெடுத்த பையன்.
அவன் டேப்பைச் சுருட்டும்போதே சொல்லிவிட்டேன்:
டீ குடித்துவிட்டுப் போ தம்பி.

கடையில் வரிசையாய்ச் சாய டப்பாக்கள்.
தேக்கு, மஹோகனி, வால்நட்,
கடைசியில் இம்புயா.
பிரேசில் காட்டு மரமாம்.
அதைப் பார்க்காமலே அதன் நிறத்து மேஜையில்
முப்பது வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.
அதையே வாங்கினேன், ஒரு லிட்டர்.

பதினான்கு கதவுகள்.
நாற்காலி மேல் ஏறி, ஸ்க்ரூவெல்லாம் திருகி எடுத்து,
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டு,
கீல்களை ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டியபோது
சனிக்கிழமை பத்து மணி.

கதவில்லாத சமையலறை
தெருவில் நின்று குளிக்கிற மாதிரி.
விரிசல் விட்ட தட்டு தெரிகிறது.
புசிசிவே இரண்டு முறை திருப்பிக் கேட்ட
நீல மூடி டப்பா தெரிகிறது.
மேல் தட்டில், அரிசி டின்னுக்குப் பின்னால்,
என் கை எட்டாத இடத்தில்,
ஒரு வெள்ளை உறை.

ஜேக்கப்ஸ் தொழிற்சாலையின் முத்திரை.
'வருந்துகிறோம்' என்று தொடங்கும் ஒரு பக்கம்.
தேதி நவம்பர் இருபத்தெட்டு.
இன்று பிப்ரவரி பத்து.

அப்படியானால் எழுபத்துநாலு நாள்.
ஐந்தரைக்கு அலாரம் வைத்து,
கம்பெனியின் நீலச் சட்டையை மாட்டி,
நான் கட்டிக்கொடுத்த ரொட்டியும் பீன்ஸ் கறியும் எடுத்துக்கொண்டு
எந்த பஸ்ஸில் ஏறினாய், தனா?
எங்கே இறங்கினாய்?

உறையை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
மறைக்கத்தான் கதவில்லை.

பதினொன்றுக்கு மின்சாரம் போனது.
தேய்க்கும் மெஷின் பாதிக் கூச்சலில் நின்றது.
அந்த அமைதிக்குத்தான் தனா எழுந்து வந்தான்.
அவன் கண் மேல் தட்டுக்குப் போனது,
அங்கேயே கொஞ்சம் நின்றது,
இறங்கி என்னிடம் வந்தது.

ரேகையோடு தேய்க்கணும், என்றேன்.
குறுக்கே தேய்த்தால் இப்போது தெரியாது,
சாயம் பட்டதும் கீறல் கத்தும்.
நூற்றிருபது நம்பர் காகிதத்தை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டான்.

வெள்ளைக்குக் கீழே பச்சை இருந்தது,
பச்சைக்குக் கீழே மரம்.
அடுப்பை ஒட்டிய கதவு மட்டும்
எவ்வளவு தேய்த்தும் மஞ்சளாகவே நின்றது.
என் தாளிப்பு அத்தனையும் குடித்திருக்கிறது,
அது எந்தச் சாயத்தையும் ஏற்காது.

ப்ளூ லகூனில், என்றான், தலை நிமிராமல்.
மீன்பிடிக்கிறவர்களோடு உட்கார்ந்திருப்பேன்.
உன் கறியில் உப்பு கம்மி என்றார்கள்.

அவர்களைக் கூட்டி வா, என்றேன்.
அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.
கோபம் பிறகு வந்தது, இரவில்,
அது வேறு கதை.

சாயம் பூசிப் பத்து நிமிடம்.
மரம் குடித்தது போக மிச்சத்தை
உடனே துடைத்துவிட வேண்டும்.
விட்டால் காயாது,
மாதக்கணக்கில் கையில் பிசுபிசுக்கும்.

துணி வேணும், தனா, பழைய துணி.

உள்ளே போனவன் நீலச் சட்டையோடு வந்தான்.
தையல் விட்டுக்கொடுக்கவில்லை.
பல்லால் கடித்துக் கிழித்தான்,
முதுகு, இரண்டு கை, காலர்.
சிவப்பு நூலில் கம்பெனிப் பெயர் போட்ட பையை
என்னிடம் தரவில்லை.
அதை வைத்து ஏழாம் கதவை அவனே துடைத்தான்,
ரேகையோடு, மெதுவாக,
ஒரு இடம் விடாமல்.

எண்ணெய்ச் சாயத் துணியைச் சுருட்டிப் போட்டால்
தானாகவே தீப்பிடிக்கும்
என்று டப்பாவில் எழுதியிருந்தது.
அதனால் துண்டுகளைப் பிரித்துப் பிரித்து
துணிக்கொடியில் கிளிப் போட்டோம்.

வேலிக்கு மேலே புசிசிவே தலை:
என்ன துவைத்திருக்கிறீர்கள், இப்படி ஒரு பழுப்பாய்?

நான் வாய் திறப்பதற்குள்
தனா சொன்னான்:
வேலைச் சட்டை.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நீல மூடி டப்பாவை எடுத்துவந்து கொடுத்தேன்.

மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது.
கடல் ஈரத்தில் கதவுகள் இன்னும் காயவில்லை.
தேய்த்ததில் பென்சில் எண்ணும் பாதி போய்விட்டது.
எது எந்தக் கூட்டுக்கென்று
மாட்டிப் பார்த்துத்தான் தெரியும்.