அரசனின் முழம்

பனங்காமத்தில் அரசனென்றால்
முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை
ஒரு கருங்காலிக் கோல்.
அது என் இடுப்பில் இருந்தது.
மற்றதெல்லாம், குடையும் கொம்பும் பல்லக்கும்,
வேறு ஆட்களின் பாடு.

பட்டம் கட்டிய அன்று அவர் கையை நீட்ட
என் அப்பன் வெட்டிய கோல். இருபத்துநான்கு விரல்.
அப்பனுக்குப் பின் நான், பூதன்.
குளக்கட்டை அளந்தேன், வயலை அளந்தேன்,
பந்தியில் அகப்பட்ட யானைகளின் தோளை
பாலைக் கவட்டில் தொங்கிக்கொண்டு அளந்தேன்.
பொழுதுபட்டால் கோலுக்கு இலுப்பெண்ணெய் பூசித்
தலைமாட்டில் வைப்பேன்.
பெண்சாதி சொல்வாள்:
"எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்
ராசா எதற்கு?"

மாரி பொய்த்த வருடம்.
கொம்பனிக்குத் திறை பன்னிரண்டு யானை.
பதினொன்று சங்கிலியில் நின்றன.
கடைசியாய் அகப்பட்டது ஓர் இளம் அலியன்.
ஓலையில் கண்டபடி ஆறு முழம் வேண்டும்.
ஆறு விரல் குறைந்தது.

இரவு கூப்பிட்டார் திருவம்பல மாப்பாணர்.
பந்தம் பிடித்தவனையும் வெளியே அனுப்பினார்.
"யானையை வளர்க்க உன்னால் ஏலாது, பூதா.
கோலில் ஒரு விரல் நறுக்கு."
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.
ஆறு தரம் வைத்தால் ஆறு விரல்.
அரசர் கணக்குப் பிழைப்பதில்லை.
நறுக்கிய துண்டை மடியில் முடிந்துகொண்டேன்.

விடிய, அலியன் ஆறு முழம் நின்றான்.
மன்னார்ப் பாதையில் புழுதி கிளப்பிப் போனான்.

தையில் அதே கோலோடு வயலுக்குப் போனேன்.
வரம்பில் நின்றாள் வேலாத்தை.
"என்ரை துண்டு இருவத்திமூண்டு முழம்.
மழையில்லாமல் எப்பிடி இருவத்திநாலாய் வளந்தது?
இந்த வித்தையை நெல்லுக்கும் ஒருக்காச் சொல்லிக் குடன்."
நான் கொக்குகளை எண்ணுவதுபோல்
அண்ணாந்து நின்றேன்.

அன்றிரவு மடியை அவிழ்த்தேன்.
துண்டைக் கோலோடு சேர்த்து வைத்து
வீரைக் கம்பொன்றில் பழைய முழத்தை மீட்டேன்.
யானைக்குக் கருங்காலி, வயலுக்கு வீரை.
ஒருவனுக்கு இரண்டு ராசா.
வரி குறைகிறதென்று ஒருவர் அறிந்தால் கழுத்துப் போகும்.
மற்றவர் பெயரைத்தான்
ஐயனார் கோயில் கற்பூரத்தில் கைவைக்கும்போது
வாய்க்குள் சொன்னேன்.
ஒன்பது வருடம் அப்படி ஊழியம் செய்தேன்.

காட்டுக்காய்ச்சலில் அவர் போனார்.
பாடைக்கு அளவெடுக்க என்னை உள்ளே விட்டார்கள்.
வெளியே பறை.
வெள்ளையை விலக்கி, கையை நேராக்கி,
வீரைக்கோலை வைத்தேன். நீளம்.
கருங்காலியை வைத்தேன்.
அதுவும் நீளம்.
இருபத்திரண்டு விரல்தான், நகத்தோடு.
சாவு சதையைச் சுருக்கும், எலும்பை அல்ல.

அப்போதுதான் கண்டேன்,
பட்டம் கட்டிய நாளில் அப்பனின் கத்தி
பயத்தில் இரண்டு விரல் தள்ளி விழுந்ததை.
இளைய ராசா அதைப் பார்த்ததை.
பார்த்தும் பேசாமல் இருந்ததை.
அந்த இரவு என் முன்னால்
கைகளை ஏன் ஒளித்தார் என்பதை.

பாடையை
என் சாணாலேயே அளந்து கட்டினேன்.

வைகாசியில் மகனுக்குப் பட்டம். ஒன்பது வயது.
பாலைப்பழப் பால் பிசுபிசுத்த விரல்கள்.
"அள" என்று நீட்டினான்.
புதுக் கருங்காலியை அந்தச் சின்னக் கையோடு வைத்தேன்.
சபை கத்தியைப் பார்த்தது.
கூட்டத்தின் கடைசியில் வேலாத்தை இருமினாள்,
இந்த முழத்தில் தன் வயல்
எவ்வளவுக்கு வளருமென்று கணக்குப் பார்த்தவளாய்.
நடுவிரல் நுனியில் குறி வைக்கக் குனிந்தேன்.

அவன் தோளை எக்கி
இன்னும் கொஞ்சம் நீட்டினான்.