47-ஆ

எங்கள் கட்டடத்து லிஃப்ட்
இருபது தெத்ரி நாணயம் கேட்கும்.
போட்டால் எட்டாவது மாடிவரை ஏற்றிவிடும்.
பெயர் கேட்டதில்லை.

லாமாரா தேர்வுக்குப் பணம் கட்டிய இரவு
ருஸ்தாவியில் நல்ல மழை.
குளிர்காலம் முழுக்க மிச்சம் பிடித்த காசு
பதினாறு எண்களாக உருண்டு போயிற்று.
அதோடு விட்டார்களா?
அடையாள அட்டை, முன்னும் பின்னும்.
முகம் நேராக, இடமாக, வலமாக
("சிறைக்குப் போகிறவளைப் படம் எடுப்பது போல" என்றாள்).
உள்ளங்கை.
அவள் அம்மாவின், கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்.
குரலும் வேண்டுமாம்:
"நான் நானேதான்"
மூன்று முறை சொன்னாள்.
மூன்றாவது முறை அவளுக்கே சந்தேகம் வந்த மாதிரி இருந்தது.

ஒப்பந்தம் நாற்பது பக்கம்.
உருக்காலையில் கணக்கு எழுதுகிறவள்,
எதையும் அடிவரி வரை படிப்பாள்.
பதினேழாம் பக்கத்தில்
"எங்கள் பங்காளிகள்" என்ற இடத்தில் நிமிர்ந்தாள்.
யார் இந்தப் பங்காளிகள்?
பாகம் பிரிக்க என்னிடம் என்ன இருக்கிறது?

சம்மதம் என்று தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது.
தொட்டாள்.
ஆனால் முகவரியில்
வீட்டு எண் நாற்பத்தேழுக்குப் பின்னால்
ஓர் எழுத்தைச் சேர்த்தாள், யாருக்கும் சொல்லாமல்:
47-ஆ.

அப்படியொரு வீடு இங்கே இல்லை.
எங்களுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் இருப்பது
குப்பைக் குழாய்.

தேர்வு நாளில் என்னை வெளியே போகச் சொன்னார்கள்.
அதற்கு முன்னால் மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்து
நான்தான் அறையைச் சுற்றிக் காட்டினேன்.
கூரை. மேசைக்கு அடியில். கட்டிலுக்கு அடியில்
என் கிழிந்த காலுறை.
"அலமாரியையும் திறங்கள்" என்றது ஒரு குரல்,
எந்த ஊர் என்று தெரியவில்லை, ரொம்பப் பணிவு.
திறந்தேன்.
மேல் தட்டில் அவளுடைய வலிப்பு மாத்திரை அட்டைகள்.
உருக்காலையில் யாருக்கும் தெரியாது.
என் அண்ணனுக்கே தெரியாது.
"படம் ஆடுகிறது, கொஞ்சம் அசையாமல் பிடியுங்கள்."
பிடித்தேன்.
"நன்றி. மூடலாம்."

மூன்று மணி நேரம் மாடிப்படியில்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன்.

என்ன தேர்வு என்று சொல்லவில்லையே.
தகவல் பாதுகாப்பு.
முதல் கேள்வி,
ஒருவரிடமிருந்து எவ்வளவு தகவல் வாங்கலாம்?
"தேவைக்கு மேல் ஒரு துளியும் கூடாது" என்பதைத் தொட்டாளாம்.
சரியான விடை. இரண்டு மதிப்பெண்.
வேலிக்கு ஓணான் சாட்சி
என்று நான் சொன்னபோது
அவள் சிரிக்கவில்லை. தேறியிருந்தாள்.

மே மாதம் முதல் கடிதம் வந்தது.
47-ஆ, கடன் தருகிறோம், ஜாமீன் வேண்டாம்.
பிறகு ஒரு காப்பீடு.
பிறகு, படுதாவுக்குப் பின்னால் ஒரு பெண் தூங்கும் படம்போட்டு
"நரம்பும் நிம்மதியும்: முதல் ஆலோசனை இலவசம்."
அதை அவள் இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்,
அதற்கு மேல் மடியவில்லை.

என்னுடையதையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று எழுதிக் கேட்டாள்.
இரண்டு நாளில் பதில்:
அன்புள்ள லாமாரா,
கேட்பது நீங்கள்தான் என்று உறுதி செய்ய
அடையாள அட்டையை அனுப்பவும்,
முன்னும் பின்னும்.

பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
நான் குழாயை மூடினேன்.

இப்போது கீழே, தபால் பெட்டிகளின் வரிசைக்கு அடியில்,
ஒரு செருப்புப் பெட்டி வைத்திருக்கிறேன்.
47-ஆ என்று கொட்டை எழுத்தில் எழுதி.
தபால்காரி எதுவும் கேட்காமல் போட்டுவிட்டுப் போகிறாள்.
வாரம் ஒருமுறை நிறைகிறது.

நேற்று அதில் ஓர் அட்டை, பலூன் படத்தோடு,
பிறந்தநாள் வாழ்த்து.
தேதியைப் பார்த்தேன். சரிதான்.
நான் மறந்திருந்தேன்.
லிஃப்டுக்குச் சில்லறை இல்லை,
அதைக் கையில் வைத்துக்கொண்டு
எட்டு மாடியும் ஏறினேன்.