வயது வரம்பு

கோத்தன்பர்க். டிசம்பர். நாலு மணிக்கே இருட்டு.
தாகேவுக்குப் பதினாறு.
எதிர்வீட்டு ஆன்டெனா தன்னை ஒட்டுக்கேட்கிறதாம்.
பதில்களைத் தட்டினேன்: இருபத்து மூன்று சதவீதம்.
"மீதி எழுபத்தேழு எங்கே போகும்?" என்றான்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து குன்வோர், ஐம்பத்தெட்டு,
டிராம் ஓட்டுகிறவள்.
பணிமனைக்குத் திரும்பும் காலி வண்டியில்
இறங்குவதற்கு யாரோ மணி அடிக்கிறார்களாம்.
நிறுத்துகிறாள். கதவைத் திறக்கிறாள்.
பனிதான் ஏறுகிறது.

பிறந்த ஆண்டைப் போட்டதும்
கட்டம் சிவந்தது:
முப்பத்தைந்துக்கு மேல் கணக்கில்லை.

"அப்போ எனக்கு ஆபத்தே இல்லையா?"
சிரித்தபடி எழுந்து
கோட்டுக்குள் கை நுழைத்தாள்.

திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன்,
எந்த நிறுத்தத்தில்? எத்தனை நாளாய்?

உட்கார்ந்தாள்.
இன்னொரு கை கோட்டுக்கு வெளியே.
"முதல் தடவை," என்றாள், "நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள்."