குறிப்பு

மணி ஒன்று ஐம்பது.
டார்ச்சை அளவுகோல் மேல் அடிக்கிறேன்.
இருபத்திரண்டு என்ற எண்ணை மறைத்து
தண்ணீர்ப்பாம்பு ஒன்று சுருண்டிருக்கிறது.
கல்லெறிந்தால் அலை கிளம்பும்,
அலை கிளம்பினால் அளவு கெடும்.
அதுவாகப் போகட்டும் என்று
மழைக்கோட்டுக்குள் நிற்கிறேன்.

ஏரி ஓரிடத்தில் நிற்பதில்லை.
ஏறும் அலை ஒரு கணக்குச் சொல்லும்,
இறங்கும் அலை இன்னொன்று.
பத்து அலை பார்த்து
நடுவில் எது நியாயமோ அதை எழுதுவேன்.
காலையில் டிவியின் அடியில் அது ஓடும்:
செம்பரம்பாக்கம் நீர்மட்டம்.
அதில் என் நியாயமும் கொஞ்சம் கலந்திருப்பதை
யாரும் கேட்டதில்லை.

இருபத்திரண்டு புள்ளி மூன்று ஐந்து.
"அஞ்சா, நாலா?"
சேப்பாக்கத்தில் பொறியாளர் மெஹருன்னிசாவின் குரலில்
தூக்கம் துளிகூட இல்லை.
"அஞ்சுதான் மேடம். ஆனா காத்து
தண்ணியை அந்தக் கரைக்குத் தள்ளுது.
நிஜத்துல கூடவே இருக்கும்."
"பார்த்ததை எழுதுங்க.
பார்க்காததை நான் கவனிச்சுக்கறேன்."

ஐந்து கண் மதகு.
ஐந்தும் மூடிக் கிடக்கிறது,
விழித்திருப்பது என் இரண்டு.
பிள்ளைப்பாக்கத்தில் வழிந்தது,
ஸ்ரீபெரும்புதூரில் பெய்தது,
எல்லாம் சொல்லாமல் வந்த சொந்தக்காரர்கள் போல
செருப்பைக்கூடக் கழற்றாமல்
இருட்டில் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது.

இரண்டரைக்கு உத்தரவு.
நாலு மணிக்கு ஐந்நூறு கனஅடி.
அதற்குக் கால் மணி முன்னால் சைரன்.
அதுவரை மதகையும் திறக்கக்கூடாது,
வாயையும்.
காரணம் எனக்கும் தெரியும்.
ஐந்நூறு என்று இங்கே முணுமுணுத்தால்
சைதாப்பேட்டை போய்ச் சேரும்போது ஐம்பதாயிரம்.

இரண்டே முக்காலுக்கு எபினேசர்.
தங்கை வீட்டுக்காரன்.
ஜாபர்கான்பேட்டையில் ஆற்றுச் சுவரை ஒட்டி
ஜெராக்ஸ் கடை,
இரண்டு மிஷின், ஒன்றுக்குத் தவணை பாக்கி.
"தூங்கலையா மச்சான்?"
"டியூட்டி."
"ம்."
அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.
வைக்கவும் இல்லை.

போனை மதகுப் பக்கம் நீட்டினேன்.
தண்ணீர் கீழே கிடந்தால்
ஷட்டர் இரும்பு டங்கென்று பேசும்.
ஏறிவிட்டால்
சோறு நிறைந்த அண்டாவைத் தட்டியதுபோல்
கும்மென்று அடங்கும்.
எவ்வளவு நேரம் கேட்டானோ.
"சரி" என்றான்.
விசாரணை வந்தால் சொல்வேன்,
எண் எதுவும் நான் சொல்லவில்லை.

நாலு மணி.
சக்கரத்தில் கிரீஸ் காய்ந்திருந்தது,
முதல் கண் திறக்க
இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது.
பாம்பு எப்போது போனதென்று தெரியாது.

நான் டீ குடித்தபோது அது குன்றத்தூர்.
முகம் கழுவியபோது அனகாபுத்தூர்.
ஐந்நூறு, ஆயிரமாகி, மூவாயிரமாகி
அதன் முதுகிலேயே மழையும் ஏறிக்கொண்டது.
என் கோலில் மட்டும் ஒரு புள்ளி இறங்கவில்லை.
மாற்ற வர வேண்டியவன்
மாங்காட்டில் முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொண்டான்.
நானே நின்றேன்.

மத்தியானம் எபினேசர்.
"மிஷினை மூணு மணிக்கே மாடிக்கு ஏத்திட்டோம்.
பேப்பர் ஒன்பது ரீம் போச்சு.
ரெண்டு படி முழுகிடுச்சு,
மூணாவது நனையல. எழுதிக்கோ மச்சான்."

எங்கே எழுத?
மணி, மட்டம், வரத்து, வெளியேற்றம்,
கடைசியில் குறிப்பு.
அதில் காற்று என்று எழுதுவேன்,
வேறெதுவும் எழுதியதில்லை.
பென்சிலால், சின்னதாக,
மூன்றாம் படி நனையவில்லை.
மேடம் அழிக்கச் சொன்னால் அழித்துவிடலாம்.

மணி மூன்று.
முதல் அலை.
இரண்டு.